ஒரு கணக்குக்கு ஒரு வாரம்

ஒரு வாளி. வாயின் விட்டம் 28 சென்டிமீட்டர், அடியின் விட்டம் 12, ஆழம் 18. இரவு முழுக்க முற்றத்தில் மழையில் கிடந்தது. விடிந்ததும் பார்த்தால் உள்ளே 9 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பெய்த மழை எவ்வளவு?

90 மில்லிமீட்டர் என்றுதான் சட்டென வாயில் வரும். அது பிழை. அகன்ற வாயில் விழுந்த மழை ஒடுங்கிய அடியில் சேர்ந்து உயர்ந்து நிற்கிறது. அதே தண்ணீரை வாயின் அகலத்துக்குச் சமதரையில் பரப்பிவிட்டால் ஆழம் 3 சென்டிமீட்டர்தான். பெய்தது 30 மில்லிமீட்டர் மழை. இந்தக் கணக்கு புதிதல்ல. 1247இல் சீனக் கணித அறிஞர் சின் ஜியூஷாவ் எழுதிய நூலில் இதே எண்களோடு இருக்கிறது. அலகு மட்டும் சீனத்து அலகு.

இலங்கையின் ஊவா மாகாணத்து மலைத் தோட்டங்களில் இந்தக் கணக்கை வெறும் புதிராக வாசித்துவிட்டுப் போக முடியாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஆனால் ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதே மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல். அப்படியானால் அடுத்த கேள்வி: அந்த வாளியில் தண்ணீர் எந்த உயரத்தைத் தொடும்போது 75 மில்லிமீட்டர் ஆகிறது? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 15.7 சென்டிமீட்டர் என்று வரும். இன்னொரு கேள்வி: அதே வாளியால் 100 மில்லிமீட்டரை அளக்க முடியுமா? முடியாது. ஏறத்தாழ 97 மில்லிமீட்டரிலேயே வாளி நிரம்பி வழிந்துவிடும். இரண்டாம் கட்ட எச்சரிக்கை வருவதற்கு முன்பே அளவு கைவிட்டுப் போகும்.

பாடப்புத்தகத்தின் கனவளவுச் சூத்திரத்தில் தொடங்கிய கேள்வி, இரண்டே படியில் போட்டிக் கணக்கின் தரத்துக்கு ஏறிவிட்டது. இது போன்ற கணக்குகளை மலையகத்தில் கணித ஆசிரியராக வரப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒப்படையாகக் கொடுக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் அல்ல. ஒரு வார அவகாசத்தோடு, நண்பர்களோடு பேசிப் பார்க்கும் சுதந்திரத்தோடு, போன வழிக்கும் புள்ளி உண்டு என்ற உறுதியோடு.

மண்சரிவைப் பேசும்போது மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண் மூடியபோது குறைவாக இருந்தது கணித அறிவல்ல. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக்குப் பிறகு குடியேற மாற்று நிலமும் வீடும் கிடைக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பின் இன்று அதே மலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் தரத்தில் கணிதம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தோட்டத்தில் கணக்கு நெடுங்காலம் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களம், மாலையில் மடுவம் என்ற கொட்டகையில் கொழுந்து நிறுவை, பிறகு செக்ரோல் என்ற வரவேட்டில் முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேரா, அரைநாளுக்கு அரைப்பேரா என்ற தீர்ப்பு. பைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதில் நிறுத்தவருக்கும் பறித்தவருக்கும் இடையே வாக்குவாதம் நடக்காத தோட்டம் அரிது. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இன்றும் அவற்றில் பெரும்பாலானவை 2ஆம், 3ஆம் வகைப் பாடசாலைகள். அதாவது உயர்தர வகுப்பே இல்லாதவை. இணைந்த கணிதம் படிக்க விரும்பும் பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். பஸ் செலவையும் தங்குமிடத்தையும் யோசித்து, போகாமல் கலைப்பிரிவில் சேர்ந்துவிடுகிற பிள்ளைகள் அதிகம்.

போட்டி என்று வந்தால் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் தொடங்கியது. இலங்கை 1995இல் சேர்ந்தது. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்று கணக்கு. மொத்தம் 42 புள்ளி. அந்த மேசை வரை போகிற பிள்ளைக்குப் பின்னால் நல்ல பாடசாலை, தனியார் வகுப்பு, பழைய வினாத்தாள்களோடு உட்கார ஓர் அறை, இவையெல்லாம் இருக்கும். பல்கலைக்கழக மட்டத்திலும் கதை இதுதான். அமெரிக்காவில் 1938 முதல் நடக்கும் பட்னம் போட்டியில் ஒரே நாளில் ஆறு மணி நேரம், 12 கணக்கு, 120 புள்ளி. பல ஆண்டுகளில் பங்கேற்றவர்களின் இடைநிலைப் புள்ளி 0 அல்லது 1. எழுதப் போகிறவர்கள் கணிதத்தில் ஈடுபாடுள்ள மாணவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் பூச்சியத்தின் கனம் புரியும்.

ஆனால் அதே பட்னம் கணக்குகளை அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வேறு விதமாகவும் பயன்படுத்துகின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதலாமாண்டு மாணவருக்கு இதற்கென்றே ஒரு பாடநெறி உண்டு. பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்டான்லி பல ஆண்டுகள் அதை நடத்தினார். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கக் கணக்குகள் கொடுப்பார்கள். கடிகாரம் இல்லாத இடத்தில் அதே கணக்கின் குணமே மாறிவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் யாரையும் நெருங்க விடாத கணக்கு, மூன்றாம் நாள் இரவில் ஒரு மூலையைக் காட்டிக் கொடுக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஹங்கேரியில் 1894இல் பாடசாலை முடித்த மாணவருக்கான ஓட்வோஷ் போட்டி தொடங்கிய அதே ஆண்டில், டேனியல் அரனி என்ற ஆசிரியர் மாணவருக்காக ஒரு கணித மாத இதழையும் தொடங்கினார். இதழில் வரும் கணக்குகளை மாணவர்கள் வீட்டில் இருந்து போட்டு அஞ்சலில் அனுப்புவார்கள். நல்ல தீர்வுகள் அனுப்பியவரின் பெயரோடு அச்சாகும். பின்னாளில் பெரும் கணித அறிஞரான பவுல் எர்டோஷ் அப்படிப் பெயர் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவர். ஹங்கேரியின் கணிதப் பெருமையைப் பேசுகிறவர்கள் போட்டியைத்தான் முன்னால் வைக்கிறார்கள். அந்த மாத இதழுக்கும் அதே அளவு பங்கு உண்டு.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1907இல் வி. ராமஸ்வாமி ஐயர் என்ற டெப்டி கலெக்டர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்குக் கேள்விகள் விடும் பகுதி இருந்தது. கல்லூரி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் அஞ்சலில் விடை அனுப்புவார்கள். 1911இல் அதில் ராமானுஜன் ஒரு கேள்வி விட்டார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் நீளும் ஒரு தொடர், அதன் பெறுமதி என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. விடை 3 என்று அவரே எழுதினார். கல்லூரிப் பரீட்சைகளில் தோற்று வெளியேறியிருந்த ஒருவருக்கு, மாதக்கணக்கில் யோசிக்க இடம் கொடுத்த ஓர் இதழ் திறந்திருந்தது என்பது சிறிய விஷயமல்ல.

ஓட்வோஷ் போட்டியின் முதல் ஆண்டு, முதல் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு முழு எண்கள். முதல் எண்ணின் 2 மடங்கையும் இரண்டாம் எண்ணின் 3 மடங்கையும் கூட்டினால் வருவது 17ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியானால் முதல் எண்ணின் 9 மடங்கையும் இரண்டாம் எண்ணின் 5 மடங்கையும் கூட்டினாலும் 17ஆல் வகுபடும் என்று நிறுவுக. மறுதலையும் உண்மை என்று காட்டுக.

ஓர் ஆசிரியப் பயிலுநர் இதை வியாழக்கிழமை கையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒன்றும் தோன்றாது. தோன்றாதபோது எண் போட்டுப் பார்ப்பதே முறை. 7, 1 என்று எடுத்தால் முதல் கூட்டு 14 கூட்டல் 3, அதாவது 17. இரண்டாவது 63 கூட்டல் 5, அதாவது 68. அது 17இன் 4 மடங்கு. 4, 3 என்று எடுத்தால் முதலாவது மறுபடியும் 17. இரண்டாவது 51, அது 3 மடங்கு. 1, 5 என்று எடுத்தால் முதலாவது 17. இரண்டாவது 34, அது 2 மடங்கு. உண்மைதான் போலிருக்கிறது. ஆனால் மூன்று உதாரணம் நிறுவல் ஆகாது.

வெள்ளி, சனி இப்படிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை அவரோ, அறையில் கூட இருப்பவரோ இந்த எண்களை அட்டவணையாக எழுதி அதற்கு ஒரு நிரல் சேர்க்கிறார்: இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. 8, 7, 6. பக்கத்தில் ஏற்கெனவே கிடைத்த மடங்குகள் 4, 3, 2. ஒவ்வொரு வரியிலும் 4 குறைகிறது. அந்த 4 எங்கிருந்து வந்தது? முதல் கூட்டை 4ஆல் பெருக்கி இரண்டாவதோடு கூட்டிப் பார்க்கிறார்கள். முதல் எண் 8 மடங்கும் 9 மடங்கும் சேர்ந்து 17 மடங்கு. இரண்டாம் எண் 12 மடங்கும் 5 மடங்கும் சேர்ந்து 17 மடங்கு. இரண்டும் 17! எப்போதும் 17ஆல் வகுபடும் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. இனி முதல் கூட்டு வகுபட்டால் இரண்டாவதும் வகுபட்டே ஆக வேண்டும். 4க்கும் 17க்கும் 1ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாததால் மறுதலையும் நிற்கும்.

இதில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட கணிதம் ஒரு துளியும் இல்லை. பரீட்சைக்கு மனனம் செய்த எந்தச் சூத்திரமும் இங்கே உதவாது. அட்டவணை போட்டதும் அதை உற்றுப் பார்த்ததும் அடுத்தவரிடம் சொல்லிப் பார்த்ததும்தான் உதவின. அந்த மூன்று நாளை ஒரு தடவையாவது தானே அனுபவித்த ஆசிரியர், வகுப்பில் ஒரு பிள்ளை விடை தெரியாமல் முழிக்கும்போது அவசரப்பட்டு விடையை எழுதிப் போடமாட்டார்.

கணித அறிஞர் ஜோர்ஜ் போல்யா இதை நன்றாக உணர்ந்தவர். 1945இல் கணக்குத் தீர்க்கும் வழிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. ஆனால் ஆசிரியர் கல்வியைப் பொறுத்தவரை அவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அதைவிடப் பெறுமதியானது. பணியிலிருக்கும் பாடசாலை ஆசிரியர்களை உட்கார வைத்து, கணக்குத் தீர்க்கும் கருத்தரங்கு நடத்தினார். அந்த வகுப்புகளிலிருந்தே 1960களில் அவருடைய இன்னொரு நூல் இரண்டு பாகங்களாக வந்தது. தானே கண்டுபிடித்துப் பழகாத ஆசிரியரால் கண்டுபிடிக்கும் சுவையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். அடிப்படையே ஆட்டம் காணும்போது ஒலிம்பியாட் கணக்கு எதற்கு? சாதாரண தரக் கணிதத்தில் தவறுகிற பிள்ளைகள் நிறைந்த இடத்தில், முதலில் பின்னத்தையும் சதவீதத்தையும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் வேண்டாமா? மலையகத்தில் நல்ல மனத்தோடு உழைக்கும் பலரே இப்படிக் கேட்கிறார்கள். ஆகவே இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1970களில் அங்கே முதலாமாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் பேராசிரியர்களிடம் விடை தயாராக இருந்தது: ஆர்வம் போதாது, பாடசாலை அடிப்படை போதாது, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, வறுமை. தோட்டப் பிள்ளைகளைப் பற்றி இங்கே சொல்லப்படும் அதே நான்கு வாக்கியங்கள். யூரி டிரைஸ்மன் என்ற இளம் ஆய்வாளர் அந்த விடைகளை நம்பிவிடாமல், கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் பின்தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். நான்கு காரணங்களும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆர்வத்தோடுதான் படித்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் இரவில் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை மற்றவர் சோதித்தார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவர் தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு டிரைஸ்மன் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான மீட்பு வகுப்பை அவர் தொடங்கவில்லை. பாடநெறியில் உள்ளதைவிடக் கடினமான கணக்குகளைத் தேர்ந்தெடுத்து, சிறிய குழுக்களாகச் சேர்ந்து தீர்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். திறமைசாலிகளுக்கான திட்டம் என்றே அது அறிவிக்கப்பட்டது. பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் தோல்வி சில ஆண்டுகளில் மிகவும் குறைந்தது. பலர் சிறப்புச் சித்தி பெற்றார்கள். அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. கடினமான கணக்கு அடிப்படையையும் சேர்த்தே திருத்துகிறது. வாளிக் கணக்கைப் போடும்போது பின்னமும் விகிதமும் தானாகவே கைக்கு வருகின்றன.

ஆகவே பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியும் கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையும் இதைத் தொடங்க உகந்த இடங்கள். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்களில் பலர் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் போகிறார்கள். கல்வியியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, ஓராண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. டிரைஸ்மன் தேடி உருவாக்க வேண்டியிருந்த இரவு நேரக் கூட்டம் இங்கே விடுதியில் ஏற்கெனவே இருக்கிறது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 உதவி ஆசிரியர்கள் முதலில் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் சேர்க்கப்பட்டதை மலையகம் மறந்திருக்காது. உயர்தரச் சித்தியோடு நேரே வகுப்பறைக்குள் அனுப்பப்பட்ட இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சம்பளம் மட்டுமல்ல. கணிதத்தில் தன்னம்பிக்கையும் கொடுத்திருக்க வேண்டும்.

பதுளை பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. கணினியும் தொழில்நுட்பமும் படிக்கும் அதன் மாணவர்கள், கணக்கு வைப்பதிலும் திருத்துவதிலும் அயல் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குத் துணை நிற்கலாம்.

இப்போது நம் கல்லூரிகளில் ஒப்படை என்றால் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அழகான அட்டை, நன்றியுரை, உள்ளே எங்கிருந்தோ எடுத்தெழுதிய 20 பக்கம். கணக்கை ஒப்படையாக்கினாலும் அதே நோய் தொற்றாதா? தொற்றும். கைபேசியில் கணக்கைப் படம் பிடித்தால் அரை நிமிடத்தில் தீர்வு வரும் காலம் இது. அதனால் புள்ளி கொடுக்கும் முறை மாற வேண்டும். 10 புள்ளியில் இறுதி விடைக்கு 3 போதும். எந்த எண்களைப் போட்டுப் பார்த்தார், எந்த வழி அடைபட்டது, ஏன் அடைபட்டது என்ற குறிப்புக்கு 4. மீதி 3, விரிவுரையாளர் முன்னால் கரும்பலகையில் நின்று, எண்களை மாற்றிக் கேட்டாலும் விளக்கத் தெரிந்ததற்கு. வாளியின் அடி விட்டத்தை 12இலிருந்து 14 ஆக்கிவிட்டால், படம் பிடித்து எடுத்த விடை அங்கே கைகொடுக்காது. முற்றாகத் தீர்க்காத பயிலுநரும் 6 புள்ளி வாங்கலாம் என்றால் திருட வேண்டிய தேவையும் பாதி குறையும்.

கணக்குகளை எங்கிருந்து எடுப்பது? ஒலிம்பியாட், பட்னம், ஓட்வோஷ் வினாத்தாள்கள் இருக்கின்றன, தமிழாக்க வேண்டும். அதோடு சொந்தமாகவும் உருவாக்க வேண்டும். மடுவத்தில் ஐந்து கொழுந்துப் பைகளை இரண்டிரண்டாக நிறுத்தால் 10 நிறைகள் கிடைக்கும். ஒவ்வொரு பையின் நிறை என்ன? ஒவ்வொரு பையும் நாலு தடவை தராசில் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாக்காயின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை வரும் என்கிறது. வருமா? பலா காய்க்கும் காலத்தில் 20 பழத்தில் சோதித்து, எவ்வளவு பிழை வருகிறது என்று கணக்கிட்டு எழுதச் சொல்லலாம். புள்ளிவிபரவியலுக்கு அதைவிட நல்ல ஒப்படை கிடைப்பது கடினம்.

செலவு பெரிதல்ல. முதல் தொகுப்புக்கு 30 கணக்குகள் போதும். வாரத்துக்கு ஒன்று வீதம் ஒரு கல்வியாண்டு ஓடிவிடும். ஒவ்வொன்றுக்கும் விடையோடு, பயிலுநர்கள் வழமையாகச் சறுக்கும் இடங்களையும் எழுதிய ஒரு தமிழ்க் கைநூல் வேண்டும். கட்டுறுப் பயிற்சிக்குப் போகும்போது ஒவ்வொருவரும் அதில் ஐந்து கணக்கைத் தன் பாடசாலையின் 8ஆம், 9ஆம் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிக் கொண்டுபோக வேண்டும். அந்த ஐந்தும் வலயக் கல்வி அலுவலகத்தின் கணித ஆசிரிய ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்டால், பண்டாரவளை வலயத்தில் ஒருவர் எழுதிய கணக்கு அடுத்த ஆண்டு பசறையில் ஒரு வகுப்பறைக்குப் போய்ச் சேரும். மீரியபெத்தை இருக்கும் ஹல்துமுல்லைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கான முதல் தொகுப்பில் வாளிக் கணக்கு கட்டாயம் இருக்கட்டும். அதோடு சரியான மழைமானி ஒன்றையும் அந்தப் பாடசாலைகளுக்குக் கொடுக்கட்டும்.